கேள்வி – பதில்: நஞ்சைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு ஒரு கணக்கு

ஆலைக் கழிவுநீரைக் காற்றுப் புகாத தொட்டியில் விட்டு நுண்ணுயிர்களைக் கொண்டு சிதைப்பது பற்றித் திருநெல்வேலிச் சீமையின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. எல்லாம் ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருப்பதால், இந்த இதழின் கேள்வி – பதில் பகுதியை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

எங்களுடையது புழுங்கல் அரிசி ஆலை. நெல் ஊறிய தண்ணீரை மூடிய தொட்டியில் விட்டு எரிவாயு எடுத்து வந்தோம். அறுவடைக் காலத்தில் நெல் வரத்து கூடியதால் தண்ணீரையும் கூடுதலாக விட்டோம். சில நாட்களில் வாயு நின்றுவிட்டது. மீண்டும் பழைய அளவுக்கே குறைத்த பிறகும் தொட்டி மீளவில்லை. இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாம் என்கிறார்கள். உயிருள்ள ஒன்றைக் கணக்கில் அடக்க முடியுமா, ஐயா?
– அரிசி ஆலை உரிமையாளர், அம்பாசமுத்திரம்

பழைய அளவுக்குக் குறைத்த பிறகும் மீளவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான் விஷயமே இருக்கிறது. தொட்டி அதேதான், தண்ணீர் அதேதான், விடும் அளவும் அதேதான். முன்பு வேலை செய்தது, இப்போது செய்யவில்லை. கிருமி செத்துவிட்டது என்று சொல்லி இதை முடித்துவிடலாம். ஆனால் எந்தச் செறிவைத் தாண்டியதால் அது நேர்ந்தது, எவ்வளவு குறைத்தால் மீளும் என்பவற்றைச் சொல்லக் கணக்கு ஒன்றால்தான் முடியும்.

முதலில் தொட்டிக்குள் நடப்பதைப் பார்ப்போம். நெல் ஊறிய தண்ணீரில் மாவுச்சத்தும் சர்க்கரையும் இருப்பதோடு, உமியிலிருந்து இறங்கும் பீனால் வகைச் சேர்மங்களும் இருக்கும். மாவுச்சத்தைச் சர்க்கரையாகவும், சர்க்கரையைக் கரிம அமிலங்களாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருகுபவை. அந்த அமிலங்களை அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் உடைப்பவை ஒரு கூட்டம். அவற்றிலிருந்து மீத்தேன் உண்டாக்குபவை இன்னொரு கூட்டம். இந்தப் பின் இரண்டும் மெதுவாகவே வளரும். பீனாலைப் போலப் பென்சீன் வளையம் (ஆறு கார்பன் அணுக்களாலான உறுதியான வளையம்) கொண்ட சேர்மங்களும் ஆக்சிஜன் இல்லாமலேயே மீத்தேனாக மாறும் என்பதை டார்வின் (Tarvin; பரிணாமக் கொள்கை டார்வின் அல்லர்), பஸ்வெல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1934-லேயே காட்டிவிட்டார்கள். பீனால் முதலில் ஒரு கார்பாக்சில் தொகுதியை ஏற்றுக்கொண்டு, சில படிகளில் பென்சாயில் கோஎன்சைம் ஏ என்ற நிலையை அடைந்து, அங்கே வளையம் தன் உறுதியை இழந்து திறந்து, அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் கரியமில வாயுவாகவும் பிரிகிறது. ஒரு கிராம் பீனால் முற்றாகச் சிதைந்தால், இயல்பான வெப்ப அழுத்த நிலையில் 0.83 லிட்டர் மீத்தேன் கிடைக்கும். ஆகவே அது நுண்ணுயிருக்கு உணவுதான். ஆனால் அதே பீனால் செறிவு கூடும்போது நுண்ணுயிரின் உயிரணுச் சவ்வைக் குலைத்து அதன் வளர்ச்சியை நிறுத்தும். உணவாகவும் நஞ்சாகவும் ஒரே பொருள் இருப்பதால்தான் உங்கள் தொட்டியின் கணக்கு நேர்கோட்டில் போகவில்லை.

கணித மாதிரி என்றதும் மிரள வேண்டியதில்லை. அது ஒரு கணக்குப்பிள்ளையின் பேரேட்டைப் போன்றது, வரவும் செலவும் இருப்பும்தான் அதில் எழுதப்படுகின்றன. பீனாலுக்கு ஓர் ஏடு: தண்ணீரோடு உள்ளே வந்தது, தண்ணீரோடு வெளியே போனது, நுண்ணுயிர் தின்றது. நுண்ணுயிருக்கு ஓர் ஏடு: புதிதாகப் பெருகியது, தண்ணீரோடு அடித்துச் செல்லப்பட்டது. இந்த இரண்டு ஏடுகளையும் இணைப்பது, எந்தச் செறிவில் நுண்ணுயிர் எவ்வளவு வேகமாகப் பெருகும் என்ற ஒரே ஒரு வாய்பாடு.

அந்த வாய்பாட்டின் எளிய வடிவத்தைத் தந்தவர் பிரெஞ்சு விஞ்ஞானி ஜாக் மோனோ. உணவு கூடக் கூட வளர்ச்சி கூடிச் சென்று ஓர் உச்சத்தில் சமன்படும் என்பது 1940-களில் அவர் சொன்னது. நஞ்சான உணவுக்கு இது பொருந்தாது. உணவு மிகுந்தால் நொதியின் வேகம் திரும்பவும் இறங்கும் என்பதற்கு பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.பி.எஸ். ஹால்டேன் 1930-இல் ஒரு வடிவம் எழுதியிருந்தார். அதை நுண்ணுயிர்த் தொட்டிகளுக்கு 1968-இல் பொருத்திக் காட்டியவர் ஆண்ட்ரூஸ் என்ற ஆய்வாளர். ஹால்டேன் 1957-இல் இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடியுரிமை பெற்று, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்தவர் என்பதை நம் மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது. வாய்பாடு இதுதான்:

வளர்ச்சி வேகம் = உச்ச வேகம் × செறிவு ÷ (அரைவேகச் செறிவு + செறிவு + செறிவின் வர்க்கம் ÷ தடைச் செறிவு)

அரைவேகச் செறிவு என்பது, நஞ்சின் தடை இல்லாவிட்டால் வளர்ச்சி உச்ச வேகத்தில் பாதியை எட்டும் செறிவு. தடைச் செறிவு என்பது நஞ்சின் தடையைக் குறிக்கும் எண்; அது சிறிதானால் தடை வலிது. இனி எண்களைப் போட்டுப் பார்ப்போம். இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் தொட்டிக்கு உரியவற்றை அளந்துதான் பெற வேண்டும். உச்ச வேகம் நாளுக்கு 0.2, அரைவேகச் செறிவு லிட்டருக்கு 50 மில்லிகிராம், தடைச் செறிவு 450 மில்லிகிராம் என்று கொள்வோம். 50-ஐ 450-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 150 வரும். அந்தச் செறிவில்தான் வளர்ச்சி அதிகம், அதுவும் நாளுக்கு 0.12-க்கு மேல் போகாது. உச்ச வேகம் என்று வாய்பாட்டில் எழுதிய 0.2-ஐ இந்த நுண்ணுயிர் ஒருநாளும் எட்டாது. நாளுக்கு 0.12 என்றால் அதன் எண்ணிக்கை இரட்டிக்கக் கிட்டத்தட்ட 6 நாட்கள் ஆகும்.

தண்ணீர் தொட்டியில் 10 நாட்கள் தங்குவதாகக் கொண்டால், நாள்தோறும் தொட்டியில் பத்தில் ஒரு பங்கு வெளியேறுகிறது. நுண்ணுயிரும் அதே விகிதத்தில் வெளியேறுகிறது. அது நிலைத்திருக்க நாளுக்கு 0.1 வேகத்தில் பெருகியாக வேண்டும். வாய்பாட்டில் 0.1 வரும் செறிவுகள் இரண்டு: 57 மில்லிகிராம், 393 மில்லிகிராம். உள்ளே வரும் தண்ணீரில் லிட்டருக்கு 800 மில்லிகிராம் பீனால் இருந்தாலும், ஓடிக்கொண்டிருக்கும் நல்ல தொட்டிக்குள் 57 மட்டுமே இருக்கும். மீதியை நுண்ணுயிர் தின்றுவிடும். சற்றுக் கூடினால் வளர்ச்சியும் கூடி, கூடியதைத் தின்று, மறுபடி 57-க்கே கொண்டுவந்துவிடும். ஆனால் ஏதோ காரணத்தால் தொட்டிக்குள் செறிவு 393-ஐத் தாண்டிவிட்டால் கதை தலைகீழாகிவிடும். 500-இல் வளர்ச்சி 0.09-ஆகக் குறைந்து, வெளியேற்றத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் போகும், நுண்ணுயிர் குறையும், குறைந்ததால் பீனால் தின்னப்படாமல் ஏறும், ஏறியதால் வளர்ச்சி மேலும் இறங்கும். கடைசியில் உள்ளே வரும் 800-ம் அப்படியே வெளியே போகும்.

அறுவடைக் காலத்தில் தண்ணீரைக் கூட்டியபோது தங்கும் காலம் 7 நாட்களாகக் குறைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது தேவைப்படும் வேகம் நாளுக்கு 0.14-க்கும் மேல், நுண்ணுயிரால் முடிந்ததோ 0.12. அந்த நாட்களில் செறிவு ஏறி எல்லையைக் கடந்துவிட்டது. பிறகு நீங்கள் 10 நாள் கணக்குக்குத் திரும்பினீர்கள். தொட்டி ஏற்கெனவே எல்லைக்கு அப்பால் நின்றது. நீங்கள் திரும்பியது பழைய அளவுக்குத்தான், பழைய நிலைக்கு அல்ல.

தங்கும் காலத்தை 20 நாட்களாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தேவைப்படும் வேகம் 0.05-ஆகக் குறையும். 800 மில்லிகிராம் நஞ்சில் மூழ்கிக் கிடக்கும்போதுகூட நுண்ணுயிர் 0.07 வேகத்தில் வளரும். எனவே அது மெல்ல மேலெழுந்து தொட்டியைத் தானே மீட்டுவிடும். இந்தக் கணக்கில் 8 நாட்களுக்குச் சற்று மேலான தங்கும் காலம் வரை தொட்டி எப்படியும் அழியும். 14 நாட்களுக்குச் சற்று மேல் போனால் எப்படியும் பிழைக்கும். இடைப்பட்ட நாட்களில் பிழைப்பதும் அழிவதும் அதன் கடந்த காலத்தைப் பொறுத்தது. சிக்கனம் என்ற பெயரில் நம் பக்கத்துத் தொட்டிகள் பலவும் இந்த இடைப்பட்ட எல்லைக்குள்தான் கட்டப்படுகின்றன என்பது எனக்குக் கவலை தருகிறது. சராசரி மாதத்துக்கு அளவெடுத்துத் தொட்டி கட்டுவதை விட்டு, வரத்து மிகுந்த மாதத்துக்கு அளவெடுத்துக் கட்ட வேண்டும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: தண்ணீர் விடுவதை நிறுத்துங்கள். பி.எச். (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; 7 நடுநிலை) அளந்து பாருங்கள், 6.5-க்குக் கீழே இருந்தால் பீனாலைவிடத் தேங்கிய அமிலமே முதன்மைக் குற்றவாளியாக இருக்கலாம். அமிலத்துக்கும் வளர்ச்சி ஏறி இறங்கும் வளைவின் வடிவம் ஏறக்குறைய இதுவேதான். அமிலத்தை மீத்தேனாக்கும் நுண்ணுயிரை அமிலமே நிறுத்தும். சமையல் சோடாவைச் சிறிது சிறிதாகக் கரைத்து விட்டு 7-க்குக் கொண்டுவாருங்கள். நன்றாக ஓடும் வேறொரு தொட்டியின் கசடு கிடைத்தால் சேருங்கள். கிடைக்காவிட்டால் சாணக் கரைசல் போதும். வாயு மீண்டு வந்த பிறகு, முன்பு விட்டதில் பாதியில் தொடங்குங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆறு, கால்வாய் போன்ற நீர்நிலைகளில் விடும் கழிவுநீரில் பீனால் சேர்மங்கள் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நாட்டின் சுற்றுச்சூழல் விதி. மேற்சொன்ன தொட்டி மிகச் சிறப்பாக ஓடினாலும் 57 வெளியேறுகிறது; 20 நாட்கள் தங்கினாலும் 17. ஆகவே காற்றில்லாத் தொட்டியோடு வேலை முடியாது. அதன் பின்னால் காற்றூட்டும் தொட்டி ஒன்று இருந்தே ஆக வேண்டும். கன்னடியன் கால்வாயிலும் நதியுண்ணிக் கால்வாயிலும் குளிப்பவர்களும் அந்தத் தண்ணீரில் நெல் நடுபவர்களும் நம் மக்கள்தான்.

முதுகலை உயிர்தொழில்நுட்பம் படிக்கிறேன். பீனாலின் காற்றில்லாச் சிதைவை மாதிரியாக்குவது என் திட்டப்பணி. லிட்டருக்கு 25, 50, 75, 100 மில்லிகிராம் ஆகிய செறிவுகளில் சோதனை செய்து ஹால்டேன் வாய்பாட்டைப் பொருத்தினேன். தடைச் செறிவு ஒருமுறை 300 என்றும் மறுமுறை 5000 என்றும் வருகிறது. தவறு எங்கே? இதற்கு ஏ.டி.எம்.1 மாதிரியைப் பயன்படுத்தலாமா?
– மாணவி, பாளையங்கோட்டை

கணினியில் தவறில்லை, நீங்கள் கேட்காத கேள்விக்கு அது விடை சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் நான்கு செறிவுகளும் வளைவின் ஏறுமுகத்தில் மட்டுமே இருக்கின்றன. மேலே நான் எடுத்துக்கொண்ட எண்களையே வைத்துப் பாருங்கள்: 100 மில்லிகிராமில், தடைச் செறிவு 450 என்றால் வேகம் 0.116, 5000 என்றால் 0.132. இந்தச் சிறு வேறுபாட்டை உச்ச வேகத்தைச் சற்றே மாற்றி மறைத்துவிடலாம். அளவீட்டுப் பிழையே அதைவிடப் பெரிதாக இருக்கும். வளைவு இறங்குவதைக் காணாமல் இறக்கத்தின் அளவைச் சொல்ல எந்த நிரலாலும் முடியாது. உச்சத்துக்கு இருபுறமும் செறிவுகள் வேண்டும். 50-இல் தொடங்கி 1500 வரை போங்கள், இறக்கத்தில் மூன்று புள்ளிகளாவது இருக்கட்டும். மறுகோடியில், மிகக் குறைந்த செறிவுகளில் மட்டும் அளந்தால் உச்ச வேகமும் அரைவேகச் செறிவும் தனித்தனியாகக் கிடைக்கமாட்டா; அவற்றின் விகிதம் மட்டுமே கிடைக்கும்.

சோதனையை எப்படிச் செய்கிறீர்கள் என்று எழுதவில்லை; ஆகவே அதையும் சொல்லிவிடுகிறேன். ரப்பர் மூடியும் அலுமினிய வளையமும் இட்ட சிறு கண்ணாடிக் குப்பியில் 100 மில்லி கசடுக் கரைசல் எடுத்துக்கொண்டு, நைட்ரஜன் வாயுவைச் செலுத்திக் காற்றை முழுவதும் வெளியேற்றிவிட்டு மூட வேண்டும். 35 டிகிரி செல்சியசில் இருட்டில் வையுங்கள். வாயு சேர்ந்ததும் ரப்பரில் கண்ணாடி ஊசிக்குழலைச் செருகினால் உந்துதண்டு தானே மெல்லப் பின்னேறி ஓரிடத்தில் நிற்கும். அந்தக் கோடுதான் உங்கள் அளவீடு. தண்டு சிக்கிக்கொள்ளாமல் இருக்க உட்புறத்தை ஒரு துளி நீரால் நனைத்துக்கொள்ள வேண்டும். பலரும் இதைச் செய்யாமல் வாயு குறைவாக வருவதாகக் குழம்புகிறார்கள். 500 மில்லிகிராம் செறிவில் உங்கள் குப்பியில் இருப்பது 50 மில்லிகிராம் பீனால். அது முழுவதும் சிதைந்தால் இயல்நிலையில் சுமார் 42 மில்லி மீத்தேன் வர வேண்டும். பீனால் மறைந்தும் அந்த அளவு மீத்தேன் வரவில்லை என்றால், இடைநிலைப் பொருளொன்று தேங்கி நிற்கிறது, அல்லது பீனால் கசட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது குப்பி கசிகிறது என்று பொருள். பீனால் இல்லாத குப்பியையும், பீனாலோடு அசிட்டேட் (அசிட்டிக் அமிலத்தின் உப்பு) சேர்த்த குப்பியையும் உடன் வையுங்கள். முதலாவது கசடு தானே தரும் வாயுவைக் கழிக்க உதவும். இரண்டாவது, பீனால் தாக்குவது தன்னைத் தின்னும் நுண்ணுயிரையா, மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரையா என்பதைக் காட்டும்.

இந்தக் கடைசிப் பிரிவினை மிக முக்கியமானது. எத்தனாலைத் தின்று மீத்தேன் தரும் ஒரே நுண்ணுயிர் என்று பல ஆண்டுகள் கருதப்பட்டது, உண்மையில் இரண்டு நுண்ணுயிர்களின் கூட்டு என்று 1967-இல் தெரியவந்தது. ஒன்று ஹைட்ரஜனை வெளியிட, மற்றது அதை உடனே எடுத்துக்கொள்கிறது. ஹைட்ரஜன் தேங்கினால் முதலாவதால் ஆற்றல் பெற முடியாது. பென்சீன் வளையத்தைச் சிதைக்கும் கூட்டமும் இப்படித்தான். ஆகையால் பீனாலைத் தின்னும் நுண்ணுயிர் எந்த நஞ்சாலும் தாக்கப்படாமலேயே, பக்கத்தில் ஹைட்ரஜனை எடுத்துக்கொள்பவை சோர்ந்ததால் மட்டும் நின்றுபோகலாம். ஒரே நுண்ணுயிர் என்று எழுதிய மாதிரி இதைப் பீனாலின் தடை என்று தவறாகக் கணக்கில் சேர்த்துவிடும்.

தொடக்கத்தில் பீனாலைத் தின்னும் நுண்ணுயிர் உங்கள் கசட்டில் எவ்வளவு இருந்தது என்பதை நேரடியாக அளக்க முடியாது. மொத்தக் கசட்டில் அது சிறு பங்கு. அதையும் தெரியாத எண்ணாக வைத்துப் பொருத்துங்கள். முதல் தவணை பீனால் தீர்ந்ததும் அதே குப்பியில் இரண்டாவது தவணை இட்டால், காத்திருக்கும் காலம் சுருங்குவதிலிருந்து அந்த எண் உறுதிப்படும்.

ஏ.டி.எம்.1, 2002-இல் சர்வதேச நீர்ச் சங்கத்தின் பணிக்குழு காற்றில்லாச் சிதைவுக்கென வெளியிட்ட பெரிய மாதிரி. 26 மாறிகளும் 19 உயிர்வேதி நிகழ்வுகளும் கொண்டது. சாக்கடைக் கசடு, சாணம் போன்றவற்றுக்கு அது பொருந்தும்; பீனால் அதில் இல்லை, நீங்கள்தான் சேர்க்க வேண்டும். ஓர் ஆண்டுத் திட்டப்பணிக்கு அதை எடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பீனாலிலிருந்து அசிட்டேட்டும் ஹைட்ரஜனும், அசிட்டேட்டிலிருந்து மீத்தேன், ஹைட்ரஜனிலிருந்து மீத்தேன் என மூன்று படிகள் போதும். ஹைட்ரஜன் நொடிகளில் மாறுவது, நுண்ணுயிர் நாட்களில் மாறுவது. இரண்டையும் ஒரே கால அடியில் (ஒரு கணக்கீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம்) கணக்கிட்டால் எண்கள் வெடித்துச் சிதறும். அதற்கென்று உள்ள தீர்வு முறைகளைப் பயன்படுத்துங்கள். ஹைட்ரஜன் இல்லாத இரண்டு ஏட்டுக் கணக்குக்கு எக்செலில் கால் நாள் அடி வைத்தாலே போதும்.

சாண எரிவாயுக் கலனில் கோழி எருவும் சேர்த்துப் போட்டோம். முதலில் வாயு கூடியது, பிறகு பாதியாகக் குறைந்துவிட்டது. அரிசி ஆலைக்குச் சொல்வது போலத் தீனியை நிறுத்தினால் சரியாகுமா?
– வாசகி, ஆலங்குளம்

நிறுத்துவது மட்டும் போதாது, சகோதரி. பீனாலைத் தொட்டியே தின்று தீர்க்கும். உங்கள் கலனில் தேங்கியிருப்பது அம்மோனியா, அதைத் தின்பார் அங்கே யாரும் இல்லை. கோழி எருவில் உள்ள யூரிக் அமிலம் சிதையும்போது அம்மோனியா உண்டாகிறது. நீரில் அது இரண்டு வடிவங்களில் இருக்கும். அயனி வடிவம் அவ்வளவு தீங்கில்லை, அயனியாகாத வடிவமே உயிரணுவுக்குள் எளிதில் புகுந்து மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரைத் தடுக்கும். 35 டிகிரியில் பி.எச். 7-ஆக இருந்தால் மொத்தத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான் தீய வடிவம், பி.எச். 8-ஆனால் நூற்றில் பத்துப் பங்கு. வெயில் ஏறினாலும் இந்தப் பங்கு ஏறும். உங்கள் பக்கத்துச் சித்திரை, வைகாசியில் நிலைமை மோசமாவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

கணக்கிலும் இதற்கு வேறு வடிவம். வளர்ச்சி வேகத்தை ஒரு பின்னத்தால் பெருக்குகிறோம்: தடைச் செறிவு ÷ (தடைச் செறிவு + அம்மோனியாச் செறிவு). அம்மோனியா தடைச் செறிவுக்குச் சமமானால் வேகம் சரிபாதியாகும். வாயு பாதியாகக் குறைந்தும் முற்றிலும் நின்றுவிடாமல் இருப்பது இந்த வடிவத்தோடு ஒத்துப்போகிறது. எனவே கலனிலிருந்து ஒரு பகுதியை வெளியே எடுத்து வயலுக்கு விட்டுவிட்டுத் தண்ணீரும் சாணமும் சேர்த்து நீர்க்கச் செய்யுங்கள். இனிக் கோழி எருவோடு வாழைமட்டை, நறுக்கிய வைக்கோல் போன்ற கார்பன் மிகுந்த பொருட்களைச் சேர்த்தே போடுங்கள். கார்பன் 20 முதல் 30 பங்கு, நைட்ரஜன் ஒரு பங்கு என்பது பொதுவான அளவு.

தறிக்கு நூல் சாயம் போடுகிறோம். சாயத் தண்ணீரை மூடிய குழியில் சில நாட்கள் வைத்தால் நிறம் போய்விடுகிறது. நிறம் போனால் நஞ்சும் போய்விட்டது என்று கொள்ளலாமா?
– நெசவாளர், வீரவநல்லூர்

கொள்ளக் கூடாது. அசோ வகைச் சாயங்களில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த பிணைப்புதான் நிறத்துக்குக் காரணம். காற்றில்லாக் குழியில் நுண்ணுயிர்கள் அந்தப் பிணைப்பை முறிக்கின்றன. நிறம் போகிறது, ஆனால் வளையம் கொண்ட அமீன்கள் மிஞ்சுகின்றன. அவற்றில் சில புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. பெரும்பாலானவை காற்றில்லாத இடத்தில் மேலும் சிதைவதில்லை. கண்ணுக்குத் தெளிந்த நீராகத் தெரிவதால் இது நிறமுள்ள நீரைவிட ஆபத்தானது என்பேன், ஏனென்றால் யாரும் அதற்கு அஞ்சி விலகமாட்டார்கள்.

இப்படிப்பட்ட இடங்களில் மாதிரியில் சாயத்துக்கு மட்டும் ஏடு வைத்தால் கணக்கு பொய் சொல்லும். அமீனுக்கும் தனி ஏடு வேண்டும். குளோரின் ஏறிய கரைப்பான்களிலும் இதே படிப்பினை கிடைத்திருக்கிறது. நான்கு குளோரின் கொண்ட எத்திலீனிலிருந்து குளோரினை ஒவ்வொன்றாகக் கழற்றும் ஒரு நுண்ணுயிரை 1997-இல் கண்டறிந்தார்கள். ஆனால் வழியில் உண்டாகும் வினைல் குளோரைடு தொடக்கப் பொருளைவிடக் கொடியது. கடைசிப் படி மெதுவாக நடந்தால் அது இடையில் தேங்கும். உங்கள் குழிக்குப் பின்னால் காற்றூட்டும் தொட்டி அவசியம்; அமீன்கள் பல அங்கே சிதையும். தனி ஒருவர் செய்யும் செலவல்ல இது; ஊர்ச் சாயக்காரர்கள் சேர்ந்து பொதுவில் அமைப்பதே நடைமுறைக்கு ஏற்றது.

எலுமிச்சை மண்டியில் வீணாகும் பழத்தை எரிவாயுவாக்கலாமா?
– வாசகர், புளியங்குடி

ஆக்கலாம், தோலை அப்படியே போடாமல் இருந்தால். தோலிலுள்ள லிமோனீன் எண்ணெய் நுண்ணுயிரைத் தடுப்பது. முதலில் நீராவியில் வடித்து எண்ணெயைப் பிரித்து எடுத்துவிடுங்கள், அதற்கு விலையும் உண்டு. மீந்த சக்கையைச் சாணத்தோடு சிறு பங்காகக் கலந்து தொடங்குங்கள். பழத்தின் புளிப்புக்காகப் பி.எச்.-ஐயும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

எங்கள் ஆலைத் தொட்டியில் அடிக்கசடு நிறைந்துவிட்டது. ஆளை இறக்கி முழுவதும் சுத்தம் செய்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்கிறார் மேலாளர். எத்தனை நாளில் மறுபடி வாயு வரும்?
– ஆலைத் தொழிலாளி, கல்லிடைக்குறிச்சி

ஆளை இறக்கவே கூடாது, நீங்களும் இறங்காதீர்கள். அந்தத் தொட்டியில் சுவாசிக்கக் காற்று இல்லை, ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். பத்து லட்சத்தில் சுமார் 100 பங்கு என்ற அளவை எட்டும்போது மூக்கு அதன் நாற்றத்தை உணரும் திறனையே இழந்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குபவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். வாயுவின் அளவு இவ்வளவுதான் இருக்கும் என்று எந்தக் கணித மாதிரியைக் காட்டியும் யாரையும் உள்ளே அனுப்பக் கூடாது. மேலிருந்து கசடுப் பம்பு வைத்துத்தான் எடுக்க வேண்டும். இதை மேலாளரிடம் காட்டுங்கள்.

முழுவதும் எடுப்பதும் தவறு. நஞ்சைத் தின்னப் பழகிய நுண்ணுயிர் முழுவதும் அந்தக் கறுத்த கசட்டில்தான் இருக்கிறது. நாம் எடுத்துக்கொண்ட எண்களின்படி, மிகச் சாதகமான செறிவில், தண்ணீரோடு வெளியேறும் இழப்பே இல்லாமல் வளர்ந்தாலும், ஐந்தில் ஒரு பங்கு கசடு மிஞ்சினால் பழைய அளவை எட்ட 13 அல்லது 14 நாட்கள் ஆகும். நூறில் ஒரு பங்குதான் மிஞ்சியது என்றால் 38 நாட்களுக்கும் மேல். தண்ணீர் விட்டுக்கொண்டே தொடங்கினால் இதைவிடக் கூடும். எனவே பாதியை மட்டும் பம்பில் எடுத்துவிட்டு, மீதியைக் கலக்காமல் அடியிலேயே விடுங்கள். எடுத்த கசட்டிலும் சில பீப்பாய்களை மூடி நிழலில் வைத்திருங்கள். வாயு வெளியேற மூடியில் சிறு குழாய் இருக்கட்டும், பீப்பாயை வீட்டுக்குள்ளோ அடுப்புக்கு அருகிலோ வைக்காதீர்கள். தொட்டி மீள்வது தாமதமானால் அதையே திரும்ப விடலாம். அம்பாசமுத்திரத்து அன்பரைப் போல யாராவது விதைக் கசடு கேட்டு வந்தாலும் கொடுக்கலாம்.